மெத்தைக் கோளாறு: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தின் கேரள எல்லையில் இருக்கிற மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்தில் மெத்தை கெட்டுப்போகிற விதமே தனி. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, இரண்டுக்கும் நடுவே நன்றாகக் காயக் கிடைக்கிற நாட்கள் குறைவு. ‘மெத்தை சரியில்லை’ என்று சொல்கிற வீட்டில் போய்ப் பார்த்தால் குற்றம் பல நேரம் கட்டில் ரீப்பரிலோ (மெத்தையைத் தாங்குகிற மரப்பட்டை), சுவர் ஓதத்திலோ (சுவரில் ஏறும் ஈரம்), தலையணையிலோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புதுசு வாங்கினால் அதுவும் இரண்டு வருஷத்தில் அதே இடத்தில் குழி விழும். பழைய மெத்தை எப்படிக் கெட்டது என்று தெரிந்தால்தான் அடுத்தது எதை எடுப்பது என்று முடிவு செய்ய முடியும்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள். பணம் கேட்கிற காரணம் கடைசியில்தான்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்: தரைச் சோதனை

மெத்தையைக் கட்டிலிலிருந்து இறக்கிச் சமமான டைல்ஸ் அல்லது சிமெண்டுத் தரையில் போடுங்கள். விரிப்பு, ரப்பர் ஷீட், கம்பளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மூன்று மணி நேரம் யாரும் உட்காராமல் விடுங்கள். பிறகு ஒரு நேரான ரீப்பரையோ, கொத்தனார் பிடிக்கிற நூலையோ ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அகலவாக்கில் இழுத்துப் பிடித்து, நடுவில் எத்தனை இறக்கம் என்று ஸ்கேலால் அளக்கவும். தோள் படுகிற இடம், இடுப்பு படுகிற இடம், கால் பகுதி என்று மூன்று இடத்தில் அளந்து எழுதி வையுங்கள்.

அரை இஞ்சுக்குள் இறக்கம் இருந்தால் அது உடம்பு படிந்த தடம், கோளாறு இல்லை. கட்டிலில் குழியாகத் தெரிந்தது தரையில் மறைந்துவிட்டால் கட்டிலைப் பாருங்கள். தரையிலும் அதே குழி இருந்தால் மெத்தைதான். அளந்த கையோடு மூன்று இரவு அதே மெத்தையில் தரையிலேயே படுத்துப் பாருங்கள். வலியோ சத்தமோ குறைந்தால் அதுவும் கட்டிலையே காட்டும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து பார்த்துவிடலாம். ஆனால் உத்தரவாதக் காலம் முடியாத மெத்தை என்றால் சீட்டைப் படித்துவிட்டுத் திறக்கவும். சில கம்பெனிகள் உறையைத் திறந்தால் உத்தரவாதம் இல்லை என்று எழுதியிருப்பார்கள்.

## அறிகுறி: நடுவில் குழி விழுந்திருக்கிறது

### தரையில் குழி மறைந்துவிட்டது என்றால்

கட்டில் பலகையை எடுத்துப் பாருங்கள். ரீப்பர் போட்ட கட்டிலில் இரண்டு ரீப்பருக்கு நடுவே 3 இஞ்சுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. ஆசாரியிடம் மரம் மிச்சம் பிடிக்கச் சொன்ன கட்டில்களில் 5, 6 இஞ்ச் இடைவெளி சாதாரணம். அந்தச் சந்துக்குள் காயர் (தென்னை நார்) மெத்தையும் இறங்கும், ஃபோமும் இறங்கும். இன்னும் இரண்டு மூன்று ரீப்பர் வாங்கி நடுவில் அடித்தால் தீர்ந்தது.

60 இஞ்ச் அல்லது 72 இஞ்ச் அகலக் கட்டிலாக இருந்தால் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நடுவில் ஒரு சட்டம் ஓட வேண்டும். அந்தச் சட்டத்துக்குத் தரையைத் தொடுகிற கால் ஒன்றாவது வேண்டும். கால் இல்லாத சட்டம் மெல்ல வளையும், மெத்தையும் கூடவே வளையும். சட்டத்தின் நீளவாக்கில் நூல் இழுத்துப் பிடித்து, கீழே படுத்து டார்ச் அடித்தால் சட்டத்துக்கும் நூலுக்கும் நடுவே எவ்வளவு தொய்வு என்று தெரியும். கால் இல்லாவிட்டால் அளவெடுத்து ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுக்கலாம். ஆசாரியைக் கூப்பிட்டால் அரை நாள் வேலை.

12 எம்எம் பிளைவுட் போட்டிருந்தால் நடுவில் அமுங்குகிறதா என்று முழங்கால் வைத்து அழுத்திப் பாருங்கள். நனைந்து ஊதிய பிளைவுட் ஓரத்தில் தாள் தாளாகப் பிரியும். அதை ஒட்டிப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

### தரையிலும் குழி இருக்கிறது என்றால்

இலவம் பஞ்சு மெத்தை. கவலை வேண்டாம். பஞ்சு கட்டி தட்டி ஒதுங்கியிருக்கும், அவ்வளவுதான். ஒரு முழு நாள் நல்ல வெயிலில் போட்டு, மூங்கில் கம்பால் இரண்டு பக்கமும் அடித்து, திருப்பிப் போடுங்கள். அதற்கும் எழும்பாவிட்டால் மெத்தை தைப்பவரிடம் கொடுத்துப் பஞ்சைப் பிரித்து அடித்து, குறைகிற அளவுக்குப் புதுப் பஞ்சு சேர்த்து, புது உறையில் குத்துத் தையல் போட்டு வாங்கலாம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தால் பல வருஷம் ஓடும். காயருக்கும் ஃபோமுக்கும் இப்படித் திரும்ப உயிர் கொடுக்க முடியாது. போடி பக்கம் இன்றும் இந்த வேலை நடக்கிறதென்றால் காரணம் இதுதான்.

காயர் மெத்தை. தென்னை நாரைச் சுருட்டி, ரப்பர் பால் தெளித்து, அழுத்தி வேகவைத்த பலகைதான் உள்ளே இருப்பது. ரப்பர் பால் காய்ந்து பிடி விட்டால் நார் உடைய ஆரம்பிக்கும். சோதனை எளிது. மெத்தையைத் தூக்கிக் கட்டில் பலகையைப் பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில் தூள் கொட்டியிருக்கும். குழி உள்ள இடத்தில் உள்ளங்கையை ஊன்றி அழுத்தினால் நறநறவென்று சத்தம் வரும். இரண்டும் இருந்தால் அந்த மெத்தை முடிந்தது. சத்தம் மட்டும் லேசாக இருந்து தூள் இல்லையென்றால் தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். குழிக்குக் கீழே, மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே, ஒரு பழைய கம்பளியை மடித்து வைத்தால் நாலைந்து மாதம் தாங்கும். மேலே ஃபோம் விரித்துக் குழியை மூடப் பார்க்காதீர்கள். ஃபோமும் அந்தக் குழிக்குள்ளேயே படியும், ஃபோமுக்குக் கொடுத்த காசும் போகும்.

ஃபோம். குழி உள்ள இடத்திலும், யாரும் படுக்காத கால்மாட்டு மூலையிலும் முஷ்டியால் ஒரே அளவு அழுத்தி விடுங்கள். மூலை சட்டென்று எழும்பி, குழி மெதுவாக எழும்பினால் அந்த இடத்தில் ஃபோம் செத்துவிட்டது. (மெமரி ஃபோம் எப்போதுமே மெதுவாகத்தான் எழும்பும். அதில் இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள்.) ஜிப் உறை உள்ள மெத்தையில் பல நேரம் மேலே உள்ள 1 அல்லது 2 இஞ்ச் அடுக்கு மட்டும் கெட்டிருக்கும். அடுக்கு ஒட்டாமல் இருந்தால் அதை மட்டும் ஃபோம் கடையில் வெட்டி வாங்கி மாற்றலாம்.

ஸ்பிரிங். குழியோடு கம்பி குத்துகிறது என்றால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. கம்பி உறையைக் கிழித்துக் குழந்தையின் காலைக் கிழிக்கும் முன்னால் எடுத்துவிடுங்கள்.

குழி 1 இஞ்சைத் தாண்டி, உத்தரவாதமும் மீதி இருந்தால் இப்போதே கம்பெனியைக் கூப்பிடுங்கள். உத்தரவாதச் சீட்டுகளில் பெரும்பாலும் 1 முதல் 1.5 இஞ்ச் என்று ஒரு அளவு போட்டிருக்கும். ஆள் வந்து அளப்பார். நூல் இழுத்து ஸ்கேல் வைத்த படம், கட்டில் பலகையின் படம், பில், மூன்றும் கையில் இருக்கட்டும். கறை படிந்த மெத்தையைப் பல கம்பெனிகள் திருப்பி அனுப்பிவிடும். வாங்கிய அன்றே மேலுறை போட வேண்டும் என்று சொல்வது இதற்காகவும்தான்.

## அறிகுறி: காலையில் எழும்போது இடுப்பு வலி, பத்து மணிக்குச் சரியாகிவிடுகிறது

முதலில் மேலே சொன்ன குழியை அளந்துவிடுங்கள். குழி இல்லையென்றால் கை வைத்துப் பார்க்கிற சோதனை. மல்லாந்து படுத்து, இடுப்பு வளைவுக்குக் கீழே உள்ளங்கையைத் தட்டையாக நுழையுங்கள்.

- கை தாராளமாக உள்ளே போய் ஆடினால் மெத்தை உங்களுக்கு அதிகக் கட்டி.
- கை நுழையவே சிரமம், உடம்பு தொட்டில் மாதிரி இறங்குகிறது என்றால் அதிக மென்மை.
- கொஞ்சம் இறுக்கமாக நுழைந்தால் சரி. அப்போது தலையணையைப் பாருங்கள்.

‘முதுகுவலிக்குக் கட்டிப் பலகைதான் நல்லது’ என்று நம் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். ஸ்பெயினில் 313 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2003-ல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களுக்குக் கட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கட்டி மெத்தைதான் கூடுதல் நிம்மதி கொடுத்தது. கடையில் ‘ஆர்த்தோ’ என்று எழுதியிருப்பது வெறும் பெயர். எலும்பு டாக்டர் பார்த்துக் கொடுத்த சான்று என்று எடுத்துக்கொண்டு கட்டியானதைத் தூக்கி வந்து வலியைக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

அதிகக் கட்டி என்றால் முதல் வைத்தியம் ஒரு பருத்திக் கம்பளம் அல்லது மெல்லிய இலவம் பஞ்சு விரிப்பு. ஒரு வாரம் படுத்துப் பாருங்கள். குணம் தெரிந்தால் 2 இஞ்ச் லேடெக்ஸ் (ரப்பர் பாலில் செய்தது) அல்லது நல்ல ஃபோம் மேலடுக்கு வாங்கலாம், மெத்தையை மாற்ற வேண்டியதில்லை. அதிக மென்மை என்றால் மேலடுக்கு உதவாது. ஒரு பக்கம் கட்டி, ஒரு பக்கம் மென்மை என்று இரண்டு பக்கமும் படுக்கிற மெத்தையாக இருந்தால் புரட்டிப் போட்டுப் பாருங்கள். பலர் வாங்கி நாலு வருஷமாகியும் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருபக்க மெத்தையைப் புரட்டக் கூடாது, தலைமாடு கால்மாடு மட்டும் மாற்றிப் போடலாம்.

தோள் மரத்துப் போகிறது, கையில் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறது: பக்கவாட்டில் படுப்பவருக்கு மேல்பரப்பு கட்டியாக இருக்கிறது, அல்லது தலையணை தாழ்வு. கழுத்துக்கும் தோள் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து, படுத்து அமுங்கிய பிறகும் அந்த உயரம் நிற்கிற தலையணை வையுங்கள். பெரும்பாலானோருக்கு 4 முதல் 5 இஞ்ச். மல்லாந்து படுப்பவருக்கு அது உயரம் அதிகம், 3 இஞ்ச் போதும்.

ஒருவருக்கு வலி, பக்கத்தில் படுப்பவருக்கு இல்லை: இருவர் எடையிலும் 25, 30 கிலோ வித்தியாசம் இருந்தால் ஒரே மெத்தை இருவருக்கும் பொருந்துவது கஷ்டம். 72 இஞ்ச் கட்டிலில் 36 இஞ்ச் மெத்தை இரண்டை, ஒன்று கட்டியாகவும் ஒன்று நடுத்தரமாகவும், சேர்த்துப் போட்டு ஒரே உறை மாட்டுங்கள். கடைக்காரர் தானாக இதைச் சொல்ல மாட்டார், கேட்டால் செய்து கொடுப்பார்.

டாக்டரிடம் போக வேண்டிய இடம்: வலி காலுக்கு இறங்குகிறது, கால் மரத்துப் பலம் குறைகிறது, படுத்தால்தான் வலி கூடுகிறது, கூடவே காய்ச்சல் அல்லது எடை இழப்பு, காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது. இதில் எது இருந்தாலும் மெத்தைக் கடைக்குப் போகாதீர்கள். சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போனாலோ, மறைவிடத்தில் உணர்ச்சி குறைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

## அறிகுறி: ஈர வாடை, அடிப்பக்கம் கறுப்புப் புள்ளி, பூசணம்

எல்லை வட்டாரத்தில் மெத்தையைக் கொல்வது முதுகு எடையைவிட இதுதான். ஒரு ஆள் இரவு முழுக்க விடுகிற வேர்வையும் மூச்சு ஈரமும் மெத்தைக்குள் இறங்கும். பகலில் அது வெளியேற வழி இல்லையென்றால் ஆடி மாதத்தில் மூன்றே வாரத்தில் பூசணம் பிடிக்கும்.

காலையில் எழுந்தவுடன் மெத்தையின் ஒரு ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கத்தில் கன்னத்தை வைத்துப் பாருங்கள், உள்ளங்கையைவிடக் கன்னத்துக்கு ஈரம் நன்றாகத் தெரியும். சில்லென்று இருந்தால் கீழே சொல்வதை வரிசையாகப் பாருங்கள்.

கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருக்கிறதா? ‘அழுக்காகாமல் இருக்கட்டும்’ என்று விட்டுவைப்பது இந்தப் பக்கத்தில் நிறைய. அன்றே கழற்றுங்கள். எழுந்தவுடனே போர்வையை மடித்துப் படுக்கையை மூடுகிற பழக்கம் இருந்தால், அரை மணி நேரம் ஃபேன் போட்டுத் திறந்து விட்டு அப்புறம் மூடுங்கள். கட்டில் சுவரை ஒட்டியிருந்தால் 4 இஞ்ச் இழுத்துப் போடுங்கள்.

அடியில் சாமான் வைக்கிற பெட்டிக் கட்டில் என்றால் முழு பிளைவுட்டும் அடைத்திருக்கும். ஆசாரியிடம் சொல்லி 1 இஞ்ச் விட்டத்தில் 6 இஞ்சுக்கு ஒரு துளை போடச் சொல்லுங்கள். பெட்டிக்குள் நனைந்த துணி, நெல், வெங்காயம் எதுவும் வேண்டாம்.

இவ்வளவு செய்தும் வாடை வந்தால் வீட்டைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு அடி சதுர பிளாஸ்டிக் தாளை எடுத்து, கட்டில் ஒட்டியிருந்த சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக்கின் உள்பக்கம், அதாவது சுவர்ப்பக்கம் நீர் கோர்த்திருந்தால் சுவரிலிருந்து ஓதம் ஏறுகிறது, கொத்தனார் வேலை. வெளிப்பக்கம் நீர் கோர்த்தால் அறைக் காற்றில்தான் ஈரம்; ஜன்னலும் ஃபேனும் போதும். செங்கல்லோ வெட்டுக்கல்லோ, பழைய வீட்டுச் சுவரில் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பெயின்ட் உப்பி உதிர்ந்திருந்தால் சோதனையே தேவையில்லை.

பிடித்த பூசணத்தை எடுக்க: மாஸ்க் போட்டுக்கொண்டு மெத்தையை வெளியே எடுத்து, காய்ந்த பிரஷால் தட்டிவிட்டு, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் நனைத்துப் பிழிந்து துடைக்கவும். அடுப்போ விளக்கோ பக்கத்தில் வேண்டாம். பிறகு மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து நாலு மணி நேரம் ஃபேன். குளோரின் பவுடர் கரைசலை ஊற்றாதீர்கள். அதன் தண்ணீர் உள்ளே போய் அடுத்த பூசணத்துக்கு ஈரம் கொடுக்கும்.

வெயிலில் போடுவது எல்லா மெத்தைக்கும் ஒன்று அல்ல. இலவம் பஞ்சை நாள் முழுக்கப் போடலாம். காயர் மெத்தைக்குக் காலை வெயில் இரண்டு மணி நேரம். ஃபோமும் லேடெக்ஸும் நிழலில், காற்றில் மட்டும். லேடெக்ஸ் என்று கடையில் சொல்வது குலசேகரம் பக்கம் வெட்டுகிற அதே ரப்பர் பால்தான். நேர் வெயிலில் கிடந்தால் மஞ்சளாகி, விரல் பட்டாலே உதிரும்.

உறையைத் திறந்தால் உள்ளேயும் புள்ளி இருக்கிறது, அல்லது வீட்டில் ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ இருக்கிறார்கள் என்றால் துடைத்துக் கொண்டிருக்க வேண்டாம், மெத்தையை விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: அரிப்பு, தடிப்பு, தும்மல்

கையிலும் கழுத்திலும் வரிசையாகத் தடிப்பு: மூட்டைப்பூச்சியாக இருக்கலாம். ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு டார்ச் அடித்து மெத்தை விளிம்புத் தையலையும், கட்டில் மூட்டுகளையும், ஸ்குரூ துளைகளையும் பாருங்கள். மை தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளி, காய்ந்த தோல்கூடு கிடைத்தால் உறுதி. புது மெத்தை வாங்குவது இங்கே வீண் செலவு. கட்டிலிலிருந்து ஒரே இரவில் அதில் ஏறிவிடும். விரிப்புகளை 60 டிகிரி சூட்டில் துவைத்து, மெத்தைக்கு முழுவதும் மூடுகிற ஜிப் உறை போட்டு ஒரு வருஷம் திறக்காமல் விடுங்கள். மாதக்கணக்கில் இரத்தமில்லாமல் உயிரோடு கிடக்கிற பூச்சி அது. இரும்புக் கட்டில் மூட்டில் கொதிநீர் ஊற்றலாம். வெயிலில் போட்டால் மட்டும் சாகாது, உட்பக்கம் அவ்வளவு சூடேறாது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது. வாழைக்கும் ஏலத்துக்கும் அடிக்கிற மருந்து மிச்சம் இருக்கிறதே என்று மெத்தையில் தெளிக்காதீர்கள். தோட்டத்தில் அடித்துவிட்டு விலகி நிற்கிற மருந்தின் மேல் குழந்தையை எட்டு மணி நேரம் படுக்க வைக்கிற வேலை அது. இரண்டு வாரம் பார்த்தும் குறையாவிட்டால் பூச்சி ஒழிப்பு ஆட்களைக் கூப்பிடுங்கள். ஒரே தடவை அடித்துவிட்டுப் போகிறவரை வேண்டாம், முட்டை பொரிந்த பிறகு இரண்டாம் தடவை வருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடி இல்லை, எழுந்தவுடன் அடுக்குத் தும்மல்: தூசிப் பூச்சி. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை சூடான தண்ணீரில் துவைத்து, மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த ஜிப் உறை போடுங்கள். பழைய பஞ்சுத் தலையணையை முதலில் மாற்றுங்கள், மெத்தைக்கு அப்புறம் வரலாம்.

குத்துகிற மாதிரி, ஒரே இடத்தில்: காயர் நார் உறையைத் தாண்டி வந்திருக்கும். மேலே உள்ள ஃபோம் அடுக்கு தேய்ந்ததன் அடையாளம்.

## அறிகுறி: சூடு, முதுகு முழுக்க வேர்வை

மெத்தையின் மேல் ஒரு கோரைப்பாயை விரித்து இரண்டு இரவு படுங்கள். சூடு அடங்கினால் மேலடுக்கோ உறையோதான் காரணம். ரப்பர் ஷீட்டும் ரெக்சின் உறையும் இருந்தால் எடுத்துவிட்டு, மேலே டெர்ரித் துணியும் கீழே மெல்லிய நீர்தடுப்பும் உள்ள பருத்தி மேலுறை போடுங்கள். பாய் போட்டும் அடங்காவிட்டால் மேல்மாடிக் கான்கிரீட் வாங்குகிற வெயில். அதற்கு மெத்தையில் மருந்தில்லை.

மெமரி ஃபோம் உடம்புச் சூட்டில் இளகி, நம்மைச் சுற்றி மூடிக்கொள்ளும். மூணாறு, குமுளி மாதிரி குளிர் ஊர்களில் அதுவே முதலில் கட்டியாகி, படுத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் இளகும். பங்குனி சித்திரையில் பாலக்காட்டிலும் கொழிஞ்சாம்பாறையிலும் மாடி அறையில் படுப்பவருக்கு அதைச் சொல்ல மாட்டோம்.

## அறிகுறி: புரண்டால் கிறீச் சத்தம்

தரையில் போட்டுப் புரளுங்கள். சத்தம் இல்லையென்றால் கட்டில் போல்ட்டை முடுக்கி, மரமும் மரமும் உரசுகிற இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்க்கவும். தரையிலும் சத்தம் வந்தால் ஸ்பிரிங் தேய்ந்துவிட்டது. ஒருவர் புரண்டால் அடுத்தவர் விழிக்கிறார் என்றால், ஒன்றோடொன்று கோர்த்த ஸ்பிரிங் உள்ள மெத்தை அது. தனித்தனிப் பைக்குள் ஸ்பிரிங் உள்ளதோ, லேடெக்ஸோ அந்த ஆட்டத்தைக் கடத்தாது.

## அறிகுறி: புது மெத்தை, வாடை அடிக்கிறது, உயரம் வரவில்லை

சுருட்டி வந்த மெத்தை முழு உயரம் வர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். மூன்றாம் நாள் நாலு மூலையும் அளந்து அரை இஞ்சுக்கு மேல் குறைந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். ஃபோம் வாடை காற்றோட்டத்தில் ஒரு வாரத்துக்குள் போக வேண்டும். போகாமல் கண் எரிந்தால் திருப்பிக் கொடுங்கள், பழகிப்போகும் என்று காத்திருக்காதீர்கள்.

## அறிகுறி: படுக்கையிலேயே இருக்கும் பெரியவருக்கு முதுகில், குதிகாலில் சிவப்பு

அந்தச் சிவப்பை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்கவே இல்லையென்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது, நர்ஸ் அன்றைக்கே பார்க்க வேண்டும். எந்த விலை உயர்ந்த மெத்தையும் இதைத் தனியாகத் தடுக்காது. மாறி மாறிக் காற்று ஏறி இறங்குகிற ஏர் பெட்டை 4 இஞ்ச் ஃபோம் மெத்தை மேல் போட்டு, அதோடு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைத் திருப்ப வேண்டும். கரண்டு போனால் காற்று இறங்கும், அந்த நேரத்தில் திருப்புவதை விட்டுவிடக் கூடாது.

கேரளப் பக்கம் இருப்பவர்கள் பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸை (வலி தணிப்புச் சிகிச்சை நர்ஸ்) கேளுங்கள். 2008-ல் அங்கே பாலியேட்டிவ் சிகிச்சைக்கென்று அரசுக் கொள்கையே வந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

## பார்த்தாகிவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றால்

பழையது காட்டிய அறிகுறியிலிருந்து தொடங்குங்கள். ஈரத்தில் கெட்டது என்றால் காயர் அல்லது லேடெக்ஸ், பருத்தி உறையோடு. சூடு என்றால் இலவம் பஞ்சு அல்லது காயர். குழி விழுந்தது, படுப்பவர் எடை 85 கிலோவுக்கு மேல் என்றால் 6 இஞ்ச் உயரத்துக்குக் குறையாமல், அடர்த்தி கூடிய ஃபோமோ லேடெக்ஸோ. தோள் மரத்தது, எடை 55-க்குக் கீழ் என்றால் மேலே 2 இஞ்ச் மென்மை அடுக்கு உள்ளது. ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் தனியாகக் கட்டியான, தட்டையான மெத்தை, தலையணை வேண்டாம்.

கட்டிலின் உள்அளவை மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவிலிருந்து அரை இஞ்ச் கழித்துச் சொல்லுங்கள். நீளம் 72, 75, 78 என்று மூன்று உண்டு. 6 அடி ஆளுக்கு 72 போதாது. மெத்தையோடு சேர்த்துத் தரையிலிருந்து 20 முதல் 22 இஞ்ச் உயரம் இருந்தால் முழங்கால் வலிக்காரர்கள் எழுவது எளிது.

ஏமாற்று நடப்பது அடர்த்தியில். கடையில் ‘40 டென்சிட்டி’ என்பார்கள். அது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். நீளம், அகலம், உயரத்தை இஞ்சில் பெருக்கி 61,000-ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். 75-க்கு 60, 6 இஞ்ச் உயரம்: பெருக்கினால் 27,000, வகுத்தால் 0.44. 40 அடர்த்தி உண்மையென்றால் ஃபோம் மட்டும் 17, 18 கிலோ நிற்க வேண்டும், உறை தனி. தராசில் 11 கிலோ காட்டினால் உறையும் சேர்ந்து 25 அடர்த்திதான், அது சீக்கிரம் குழி விழும். தினமும் படுக்கிற மெத்தைக்கு 32-க்குக் குறைந்த ஃபோம் வேண்டாம். அதே அளவுக் காயர் மெத்தை, நாரின் அடர்த்தி 80 என்றால், 35 கிலோ இருக்கும்.

ஜிப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நடு அடுக்கில் டிவி பெட்டிக்குள் வருகிற வெள்ளைத் தக்கை போல், விரலில் கிள்ளினால் கிரிச்சென்று ஒடிகிற ஷீட் இருந்தால் அது பார்சல் கட்டுகிற பொருள். உயரம் கூட்ட வைத்திருப்பார்கள். அமுங்கினால் திரும்ப எழாது. பல நிறத் துண்டுகளை ஒட்டிய ரீபாண்டட் ஃபோம் அடியில் இருந்தால் தப்பில்லை, கட்டியாகத் தாங்கும். அதை லேடெக்ஸ் விலைக்கு விற்றால்தான் தப்பு. லேடெக்ஸ் என்றால் ஊசித்துளை வரிசையும் ரப்பர் வாடையும் இருக்கும்.

இலவம் பஞ்சு என்றால் ஒரு பிடியை எடுத்து விரலால் அரைத்துப் பாருங்கள். விதை நெருடக் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் மிதந்துகொண்டே இருக்க வேண்டும். மில் கழிவுப் பஞ்சு கலந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக நனைந்து இறங்கும். தைக்கும்போது பக்கத்தில் நின்று, பஞ்சை எடை போட்ட பிறகு உறைக்குள் ஏற்றச் சொல்லுங்கள்.

கடையில் படுத்துப் பார்க்கக் கூச்சம் வேண்டாம். செருப்பைக் கழற்றி, வீட்டில் படுக்கிற விதத்தில் பத்துப் பதினைந்து நிமிஷம் படுத்து, கை நுழைக்கிற சோதனையை அங்கேயே செய்யுங்கள். கூட வந்தவரைப் பின்னால் நின்று போனில் படம் எடுக்கச் சொன்னால், பக்கவாட்டில் படுக்கும்போது முதுகுத்தண்டு நேராக இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

எல்லை தாண்டி வாங்குபவர்கள் கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும். பாறசாலையிலோ திருவனந்தபுரத்திலோ வாங்கிய மெத்தைக்கு, குழி அளக்க ஆள் நம் பின்கோடுக்கு வருவாரா, இல்லை மெத்தையை வண்டி பிடித்து நாம் கொண்டுபோக வேண்டுமா? பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பில்லில் அளவு, உயரம், அடர்த்தி மூன்றும் இருக்கட்டும். அந்தப் பில்லையும் உத்தரவாதச் சீட்டையும் படம் எடுத்துவிட்டு, மெத்தை உறையின் ஜிப்புக்குள் வைக்காமல் ரேஷன் கார்டு இருக்கிற இடத்தில் வையுங்கள்.